ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் உதவி கேட்க வேண்டும், விடுப்பு கேட்க வேண்டும், வரவேண்டிய ஒரு ஃபைலை அனுப்பச் சொல்ல வேண்டும். சொல்ல வந்தது மனதில் தெளிவாக இருக்கிறது, ஆங்கிலச் சொற்களும் தெரியும். ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு சந்தேகம் வந்து கையைப் பிடிக்கிறது: இலக்கணம் சரியா? கேட்கிற தொனி சரியா? இந்த இரண்டையும் பற்றிப் பலரும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சீக்கிரம் பிடிபடும்.

வாக்கியத்தில் 'ப்ளீஸ்' சேர்த்துவிட்டால் போதாதா?

பல இடங்களில் போதாது. 'செண்ட் மீ த ஃபைல்' என்பது கட்டளை. 'ப்ளீஸ் செண்ட் மீ த ஃபைல்' என்பதும் கட்டளைதான், கொஞ்சம் மென்மையான கட்டளை.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் விகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது. 'அனுப்பு' என்பதற்கும் 'அனுப்புங்க' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த '-ங்க' கிடையாது. குழந்தையானாலும் நிறுவனத்தின் தலைவரானாலும் 'யூ'தான். அதனால் அங்கே மரியாதையை வாக்கியத்தின் அமைப்புதான் சுமக்க வேண்டியிருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக மாற்றுகிறார்கள். நிகழ்கால வினையை இறந்தகால வடிவத்துக்குத் தள்ளுகிறார்கள். 'முடிந்தால்' என்ற பொருளில் ஒரு 'இஃப்' சேர்க்கிறார்கள். மூன்றுமே செய்கிற வேலை ஒன்றுதான்: கேட்கப்படுகிறவர் சங்கடமில்லாமல் 'முடியாது' என்று சொல்ல இடம் விடுகின்றன. இந்தப் பக்கத்தில் வரும் எல்லா விதிகளுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 'அனுப்ப முடியுமா?', 'அனுப்பினால் உதவியாக இருக்கும்' என்று நாமும்தான் கேட்கிறோம். பெனலப்பி பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் 1978இல் பணிவைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் த்செல்டால், தமிழ். ஒன்றோடு ஒன்று உறவில்லாத இந்த மூன்றிலும் மனிதர்கள் ஒரே மாதிரியான உத்திகளைக் கையாள்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே தமிழ் பேசுகிறவருக்கு உத்தி ஏற்கனவே தெரியும். ஆங்கில இலக்கணத்தில் அது எந்த உருவத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, 'ப்ளீஸ்' சேர்த்த கட்டளை எங்கே பொருந்தும்? கேட்கப்படுவது அவருடைய நன்மைக்காகவே இருக்கும் இடத்தில். 'ப்ளீஸ் கம் இன்', 'ப்ளீஸ் டேக் எ சீட்' என்பவை முழுக்க முழுக்கப் பணிவானவை. வந்தவரிடம் 'குட் யூ ஸிட் டவுன்?' என்று கேட்டால்தான் அவர் ஏதோ தப்பு செய்துவிட்டது போல இருக்கும். வழிமுறைக் குறிப்புகள், அறிவிப்புப் பலகைகள் ஆகியவற்றிலும் 'ப்ளீஸ்' போட்ட கட்டளையே இயல்பு.

'கேன் யூ', 'குட் யூ', 'வில் யூ', 'வுட் யூ': எதை எப்போது சொல்வது?

நான்கும் இலக்கணப்படி சரி. வேறுபாடு தொனியில்தான்.

'கேன் யூ' நண்பர்களிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் சாதாரணமாகச் சொல்வது. 'குட் யூ' அதைவிட ஒரு படி மென்மை. முன்பின் தெரியாதவர், மேலதிகாரி, வாடிக்கையாளர் என்று யாரிடமும் சொல்லலாம். 'வில் யூ' கவனமாகக் கையாள வேண்டியது. குரல் சற்று உயர்ந்தாலும் அது பொறுமை இழந்தவரின் பேச்சாகிவிடும். 'வில் யூ ப்ளீஸ் லிசன்?' என்பதைக் கெஞ்சலாகவும் சொல்லலாம், அதட்டலாகவும் சொல்லலாம். எழுத்தில் குரல் தெரியாது என்பதால் மின்னஞ்சலில் அதைத் தவிர்ப்பது நல்லது. 'வுட் யூ' மென்மையானதுதான்.

'குட்', 'வுட்' இரண்டுக்கும் இடையே நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. 'குட் யூ' என்பது 'உங்களால் முடியுமா' என்று கேட்கிறது, 'வுட் யூ' என்பது 'உங்களுக்கு விருப்பமா' என்று கேட்கிறது. முடியாது என்பதற்கு நேரமில்லை, வசதியில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். விருப்பமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது கடினம். 'குட் யூ' மறுப்பதற்கு அதிக இடம் விடுகிறது. எதைச் சொல்வது என்று சந்தேகம் வந்தால் 'குட் யூ' என்று சொல்லிவிடுங்கள், எங்கேயும் தவறாகப் போகாது.

'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் ஆயிற்றே? இனி நடக்க வேண்டியதைக் கேட்க அது எப்படி வரும்?

இங்கே அது காலத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகிறது. நேராக முகத்துக்கு எதிரே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்பதற்கு ஆங்கிலம் இறந்தகால வடிவத்தைக் கடன் வாங்குகிறது. 'ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்று சொல்கிறவருக்கு ஆசை நேற்றோடு முடிந்துவிடவில்லை, இப்போதுதான் கேட்கப் போகிறார். தமிழிலும் 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்றுதானே தயக்கத்தோடு பேச்சைத் தொடங்குகிறோம்?

பதில் சொல்லும்போது மட்டும் இந்தத் தூரம் தேவையில்லை. 'குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?' என்று ஒருவர் கேட்டால் 'யெஸ், யூ கேன்' அல்லது 'யெஸ், ஆஃப் கோர்ஸ்' என்று சொல்லுங்கள். 'யெஸ், யூ குட்' என்று சொன்னால் அனுமதி கிடைத்ததா இல்லையா என்று கேட்டவர் குழம்புவார்.

இவற்றுக்குப் பிறகு வரும் வினைச்சொல் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்?

எந்த ஒட்டும் இல்லாத அடிப்படை வடிவத்தில். 'குட் யூ கிவ் மீ' சரி. 'குட் யூ கேவ் மீ' தவறு, 'குட் யூ டு கிவ் மீ' தவறு. நடுவில் 'ப்ளீஸ்' வந்தாலும் விதி மாறாது: 'குட் யூ ப்ளீஸ் கிவ் மீ'. அதிகம் சறுக்குகிற இடம் 'செண்ட்' என்ற சொல். அதன் நிகழ்கால வடிவமும் இறந்தகால வடிவமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதால், எழுதும்போது இறந்தகால எழுத்துக்கூட்டல் வந்து விழுந்துவிடும். பிழைதிருத்தும் மென்பொருளும் சில சமயம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

இன்னொன்று 'கேன் யூ ஏபிள் டு'. 'கேன்' என்றாலே 'முடியுமா' வந்துவிட்டது, 'ஏபிள்' என்றாலும் அதேதான். 'கேன் யூ கம் டுமாரோ?' அல்லது 'வில் யூ பி ஏபிள் டு கம் டுமாரோ?' என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

'மே யூ ஹெல்ப் மீ?' என்று கேட்கலாமா?

கூடாது. 'மே' என்பதை வைத்து நமக்கு அனுமதி கேட்கலாம், அடுத்தவரை ஒரு வேலை செய்யச் சொல்லிக் கேட்க முடியாது. 'மே ஐ', 'மே வீ' சரி. 'மே யூ' என்று தொடங்கினால் அது வாழ்த்தாகிவிடும்: 'மே யூ லிவ் லாங்' என்றால் நீடூழி வாழ்க.

'கேன் ஐ' தவறு, 'மே ஐ' மட்டுமே சரி என்று பள்ளியில் சொன்னார்களே?

அனுமதி கேட்க 'கேன் ஐ' சொல்வது இன்று எல்லா இடத்திலும் ஏற்கப்பட்ட ஆங்கிலம். 'மே ஐ' கூடுதல் சம்பிரதாயமானது. நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது 'மே ஐ கம் இன்?' பொருத்தம். பக்கத்து மேசைக்காரரின் பேனாவை எடுக்க 'கேன் ஐ பாரோ யுவர் பென்?' போதும். நடுவில் நிற்க விரும்பினால் 'குட் ஐ' இருக்கிறது.

'வுட் யூ மைண்ட்' என்று கேட்பதில் ஏன் இவ்வளவு குழப்பம்?

ஏனென்றால் இதற்குள் மூன்று கண்ணி இருக்கிறது. நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, பின்னால் வரும் வினைச்சொல். அது 'இங்' என்று முடிய வேண்டும். 'வுட் யூ மைண்ட் க்ளோஸிங் த டோர்?' சரி. 'வுட் யூ மைண்ட் டு க்ளோஸ் த டோர்?' தவறு.

இரண்டாவது, கதவை யார் சாத்தப் போகிறார்கள் என்பது. மேலே சொன்ன வாக்கியத்தில் சாத்த வேண்டியவர் எதிரில் இருப்பவர். நானே சாத்திக்கொள்கிறேன், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டுமானால் 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ க்ளோஸ்ட் த டோர்?' என்று இறந்தகால வடிவம் வர வேண்டும். 'டு யூ மைண்ட்' என்று தொடங்கினால் நிகழ்காலம் போதும்: 'டு யூ மைண்ட் இஃப் ஐ க்ளோஸ் த டோர்?' பேச்சில் இவை இரண்டையும் கலந்து சொல்கிறவர்கள் ஏராளம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தேர்வுத் தாளிலும் முறையான கடிதத்திலும் இந்த ஜோடிப் பொருத்தத்தைக் காப்பாற்றுவது நல்லது.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: பதில். 'மைண்ட்' என்றால் இங்கே ஆட்சேபிப்பது. ரயிலில் ஒருவர் உங்களைப் பார்த்து 'வுட் யூ மைண்ட் மூவிங் யுவர் பேக்?' என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பையை நகர்த்துவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பது கேள்வி. நீங்கள் நல்ல மனதோடு 'யெஸ்' என்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஆமாம், ஆட்சேபம் உண்டு' என்று ஆகிறது. வாய் மறுக்கிறது, கை பையை நகர்த்துகிறது. அவர் ஒரு கணம் திகைப்பார்.

சம்மதம் என்றால் 'நோ, நாட் அட் ஆல்' என்பதுதான் இலக்கணத்துக்குப் பொருந்தும் பதில். 'நோ' என்று சொல்ல நாக்கு எழவில்லையா? ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பல நேரம் இரண்டையும் விட்டுவிட்டு 'ஷுர், கோ அஹெட்' என்றோ 'ஆஃப் கோர்ஸ்' என்றோதான் சொல்கிறார்கள். தர்க்கப்படி அது கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் புரிகிறது. மறுக்க வேண்டுமானால் வெறும் 'யெஸ்' முரட்டுத்தனமாகப் படும். 'சாரி, ஐட் ராதர் கீப் இட் ஹியர்' என்பது போல ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

'குட் யூ டெல் மீ வேர் இஸ் த ஆஃபீஸ்?' என்பதில் என்ன தவறு?

ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்வி அமைப்பு. 'குட் யூ டெல் மீ' என்று தொடங்கியதுமே கேள்வி வடிவம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது சாதாரண வாக்கிய வரிசையில் இருக்க வேண்டும்: 'குட் யூ டெல் மீ வேர் த ஆஃபீஸ் இஸ்?'

'டஸ்', 'டிட்' இருந்த கேள்வி என்றால் அந்தத் துணைவினை மறைந்து, அதன் வேலையை முதன்மை வினை ஏற்றுக்கொள்ளும். 'வென் டஸ் த மீட்டிங் ஸ்டார்ட்?' என்பது 'குட் யூ டெல் மீ வென் த மீட்டிங் ஸ்டார்ட்ஸ்?' என்று மாறும். அந்தக் கடைசி 'ஸ்' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 'டஸ்' என்பதில் இருந்ததுதான் இங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் 'இஃப்' அல்லது 'வெதர்' சேர்க்க வேண்டும்: 'குட் யூ டெல் மீ வெதர் த ஃபார்ம் இஸ் ரெடி?' இந்த இடத்தில் 'தட்' போடக்கூடாது.

'டு யூ நோ', 'கேன் ஐ ஆஸ்க்', 'ஐ வுட் லைக் டு நோ' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கும் இதே விதி. இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டாலே உங்கள் ஆங்கிலக் கேள்விகளின் தரம் சட்டென்று உயர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். பணிவுக்கும் இது உதவி, இலக்கணத்துக்கும் உதவி.

'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப்' என்பதை எப்போது சொல்வது?

கேட்கிற உதவி பெரியதாகவோ, கேட்கத் தயக்கமாகவோ இருக்கும்போது. 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் ரீட் மை அப்ளிகேஷன்' என்றால் 'என் விண்ணப்பத்தை ஒரு முறை படித்துப் பார்க்க முடியுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்' என்கிற தொனி. இதில் இறந்தகாலம், தொடர்வினை, 'இஃப்', 'குட்' என்று நான்கு மென்மையாக்கிகள் சேர்ந்திருக்கின்றன. பொருளில் கேள்வி, அமைப்பில் சாதாரண வாக்கியம் என்பதால் இறுதியில் முற்றுப்புள்ளிதான்.

'ஐ வுட் அப்ரிஷியேட் இஃப் யூ குட் ரிப்ளை': இது சரியா?

ஒரு சிறிய சொல் குறைகிறது. 'ஐ வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் ரிப்ளை' என்று 'இட்' வர வேண்டும். 'அப்ரிஷியேட்' செயப்படுபொருள் கேட்கும் வினை, எதைப் பாராட்டுவீர்கள் என்பதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். நீண்ட வாக்கியத்துக்குத் துணிவு வரவில்லை என்றால் 'ஐ வுட் அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்' என்று முடித்துவிடலாம்.

'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ரிப்ளை' என்பதில் 'இட்' தேவையில்லை. இரண்டையும் கலந்து 'ஐ வுட் பி அப்ரிஷியேட்டட்' என்று எழுதினால் 'என்னைப் பாராட்டுவார்கள்' என்று பொருள் தலைகீழாகிவிடும்.

இங்கே ஒரு துணைக் கேள்வியும் வரும்: 'இஃப்' இருக்கும் பகுதியில் 'வுட்' வரக்கூடாது என்று படித்திருக்கிறோமே, 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் ரிப்ளை' எப்படிச் சரியாகும்? அந்த விதி நிபந்தனை வாக்கியங்களுக்கானது. இங்கே 'வுட்' என்பது 'உங்களுக்கு மனமிருந்தால்' என்று விருப்பத்தைக் குறிக்கிறது, ஆகவே சரிதான்.

'ஐ வாண்ட்' என்பது மரியாதைக் குறைவா?

பெரியவர்கள் ஒருவரிடம் கேட்கும்போது, ஆம். 'ஐ வாண்ட்' நேராக 'எனக்கு வேண்டும்' என்று நிற்கும். 'ஐ வுட் லைக்' என்று மாற்றினால் போதும். அமைப்பையும் கவனியுங்கள்: 'ஐ வாண்ட் தட் யூ கம்' தவறு, 'ஐ வுட் லைக் யூ டு கம்' சரி. ஆனால் 'ஐ வுட் லைக் யூ டு' என்பது பணிவு போலத் தோன்றினாலும் மேலிருந்து கீழே இறங்கும் சொல். மேலாளர் ஊழியரிடம் சொல்லலாம், ஊழியர் மேலாளரிடம் சொன்னால் உத்தரவு போடுவது போல இருக்கும். அங்கே மறுபடியும் 'குட் யூ'தான்.

'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று விடுப்புக் கடிதத்தில் எழுதலாமா?

'ஃபார்' வேண்டாம். 'ரிக்வெஸ்ட்' வினைச்சொல்லாக வரும்போது நேராகப் பொருளை எடுத்துக்கொள்ளும்: 'ஐ வுட் லைக் டு ரிக்வெஸ்ட் லீவ்'. பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. 'ஆஸ்க்' என்றால் 'ஃபார்' வேண்டும்: 'ஆஸ்க் ஃபார் லீவ்'. இரண்டும் ஒரே பொருள் என்பதால் ஒன்றின் பழக்கம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்கிறது.

இதே குடும்பத்தில் இன்னும் சில. 'எக்ஸ்ப்ளெயின் மீ திஸ்' இல்லை, 'எக்ஸ்ப்ளெயின் திஸ் டு மீ'. 'சஜஸ்ட் மீ எ டாபிக்' இல்லை, 'சஜஸ்ட் எ டாபிக்'. 'டிஸ்கஸ் அபௌட் த ப்ராஜெக்ட்' இல்லை, 'டிஸ்கஸ் த ப்ராஜெக்ட்'.

'கைண்ட்லி', 'டூ த நீட்ஃபுல்' எல்லாம் தவறான ஆங்கிலமா?

இலக்கணத்தில் தவறு இல்லை. தெற்காசிய அலுவலகங்களில் இவை அன்றாட நடை, அங்கே எழுதினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கு 'கைண்ட்லி' விறைப்பாகவும், சில வாக்கியங்களில் கண்டிப்பாகவும் ஒலிக்கும். 'ப்ளீஸ்' என்று மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது. 'ப்ளீஸ் கைண்ட்லி' என்று இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

'டூ த நீட்ஃபுல்' மீது எனக்கு வேறு வருத்தம் உண்டு. அது பழைய நடை என்பது பெரிய குறை அல்ல. 'ஆவன செய்யவும்' என்று சொல்லிவிட்டு, ஆவன எது என்று கண்டுபிடிக்கும் பாரத்தைப் படிப்பவர் தலையில் வைக்கிறதே, அதுதான் குறை. கையெழுத்துப் போட வேண்டுமா, பணம் செலுத்த வேண்டுமா, வேறொருவருக்கு அனுப்ப வேண்டுமா? 'குட் யூ ப்ளீஸ் சைன் த அட்டாச்ட் ஃபார்ம்?' என்று செய்ய வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்பதும் ஒரு மரியாதைதான்.

ஒரு மின்னஞ்சலைத் திருத்திக் காட்ட முடியுமா?

பலரிடமிருந்தும் வரக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் நாட் ரிசீவ்ட் த ரிப்போர்ட். ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி செண்ட் அஸ் சூன் அஸ் பாசிபிள். யூ ஹேட் பெட்டர் செண்ட் டில் ஃப்ரைடே. வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை.'

எழுதியவரிடம் மரியாதைக்குக் குறைவே இல்லை. அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

'ஐ ஆம் நாட் ரிசீவ்ட்' என்பது 'ஐ ஹேவன்ட் ரிசீவ்ட் த ரிப்போர்ட் யெட்' என்று இருக்க வேண்டும். இன்னும் மென்மை வேண்டுமானால் 'ஐ டோன்ட் ஸீம் டு ஹேவ் ரிசீவ்ட் த ரிப்போர்ட்' என்று எழுதலாம். அனுப்பியும் என் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று எதிராளிக்கு ஒரு வழி விடுகிறது அது.

'செண்ட்' என்பதற்குப் பின் 'இட்' வேண்டும். தமிழில் 'சீக்கிரம் அனுப்புங்கள்' என்று பொருளைச் சொல்லாமல் விடலாம், ஆங்கிலத்தில் எதை என்று சொல்லியாக வேண்டும்.

'யூ ஹேட் பெட்டர்' ரொம்ப ஆபத்தானது. 'பெட்டர்' என்ற சொல்லைப் பார்த்து 'அனுப்பினால் நல்லது' என்று மென்மையாகச் சொல்வதாக நினைத்து எழுதுகிறார்கள். படிப்பவருக்கு 'அனுப்பிவிடு, இல்லாவிட்டால் நடப்பது வேறு' என்ற எச்சரிக்கையாகப் போய்ச் சேரும். வேண்டுகோளில் இதற்கு இடமே கிடையாது.

'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பது. வெள்ளிக்கிழமைக்குள் என்பதற்கு 'பை ஃப்ரைடே'. அந்த நாளைச் சொன்ன பிறகு 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' தேவையில்லை, எடுத்துவிட்டால் அவசரப்படுத்தும் தொனியும் போய்விடும். அவருடைய பெயர் தெரிந்தால் 'டியர்' என்று சொல்லிப் பெயரோடு தொடங்குவது உலகம் முழுக்கச் செல்லும்.

திருத்திய வடிவம் இது: 'ஐ டோன்ட் ஸீம் டு ஹேவ் ரிசீவ்ட் த ரிப்போர்ட். குட் யூ ப்ளீஸ் செண்ட் இட் டு மீ பை ஃப்ரைடே? ஐ நீட் இட் ஃபார் மண்டேஸ் மீட்டிங். தேங்க் யூ.' ஒரு காரணமும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி சொன்னால், இரண்டு 'ப்ளீஸ்' செய்யாத வேலையை அது செய்துவிடும்.

முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்று எழுத விரும்பினால் அடுத்த சொல் 'ஹியரிங்' என்று இருக்கட்டும், 'ஹியர்' அல்ல.

'ப்ளீஸ்' எந்த இடத்தில் வர வேண்டும்?

'குட் யூ ப்ளீஸ் செண்ட் இட்?' என்று வினைச்சொல்லுக்கு முன்னால், அல்லது 'குட் யூ செண்ட் இட், ப்ளீஸ்?' என்று கடைசியில். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் நுழைக்க வேண்டாம். ஒரு வேண்டுகோளுக்கு ஒன்று போதும்.

கேட்டும் பதில் வரவில்லை. இரண்டாம் முறை எப்படிக் கேட்பது?

'ஒய் டிடின்ட் யூ ரிப்ளை?' என்று மட்டும் எழுதாதீர்கள். அது விசாரணை. 'ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு லுக் அட் மை மெயில்?' என்று கேட்டுப் பாருங்கள். பார்க்க வாய்ப்புக் கிடைத்ததா என்று கேட்பதால், பார்க்காததற்குக் குற்றம் அவர்மேல் விழாமல் நேரமின்மையின் மேல் விழுகிறது. 'ஐ ஆம் ஜஸ்ட் ஃபாலோயிங் அப் ஆன் மை லாஸ்ட் மெயில்' என்பதும் வழக்கில் உள்ளதே. 'அஸ் ஐ ஆல்ரெடி டோல்ட் யூ' என்பதில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரியும், நியாயமான எரிச்சலாகவே இருந்தாலும் அதை எழுத்தில் காட்டிக் காரியம் ஆவதில்லை.

'ப்ளீஸ் கிவ் மீ ஆன் அட்வைஸ்': சரியா?

'அட்வைஸ்' எண்ண முடியாத பெயர்ச்சொல், 'ஆன்' வராது. 'குட் யூ கிவ் மீ சம் அட்வைஸ்?' என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டலிலும் ஒரு பொறி உண்டு: பெயர்ச்சொல்லின் கடைசி இரண்டு எழுத்து சி, இ. வினைச்சொல்லின் கடைசி இரண்டு எழுத்து எஸ், இ. 'என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்' என்ற பொருளில் மின்னஞ்சல் முடிவில் வரும் 'ப்ளீஸ் அட்வைஸ்' வினைச்சொல், ஆகவே அங்கே எஸ்.

அளவுக்கு மீறிப் பணிவாக இருந்துவிட முடியுமா?

முடியும். பிரவுனும் லெவின்சனும் பணிவின் அளவைத் தீர்மானிப்பவை மூன்று என்றார்கள்: இருவருக்கும் இடையிலான நெருக்கம், அதிகார வித்தியாசம், கேட்கிற காரியத்தின் கனம். நெருங்கிய நண்பரிடம் உப்பை எடுத்துத் தரச் சொல்ல 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட் பாசிப்ளி' என்று இழுத்தால், ஏதோ கோபத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் அவர் நினைப்பார். அங்கே 'பாஸ் த சால்ட், ப்ளீஸ்' போதும். முன்பின் தெரியாதவரிடம் ஐம்பது பக்கக் கட்டுரையைப் படித்துத் தரச் சொல்லிக் கேட்கும்போது அதே நீண்ட வாக்கியம் சரியான அளவு. ஆபத்து நேரத்தில் பணிவே வேண்டாம். 'கால் ஆன் ஆம்புலன்ஸ்!' என்று கத்துங்கள், யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியில் கேள்விக்குறியா, முற்றுப்புள்ளியா?

'குட் யூ', 'வுட் யூ' என்று தொடங்கினால் கேள்விக்குறி போடுங்கள், தேர்விலும் அதுதான் பாதுகாப்பு. கேள்வி வடிவில் வரும் வேண்டுகோளுக்கு முற்றுப்புள்ளி போதும் என்று ஏற்கும் நடைக் கையேடுகளும் உண்டு, அதனால் அலுவலகச் சுற்றறிக்கையில் 'வுட் ஆல் ஸ்டூடன்ட்ஸ் ப்ளீஸ் கேதர் இன் த ஹால்' என்பதற்குப் பின் புள்ளியைப் பார்த்தால் அதைத் தவறு என்று திருத்த வேண்டாம். 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப்', 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்', 'ஐ வுட் அப்ரிஷியேட் இட் இஃப்' மூன்றுக்கும் எப்போதும் முற்றுப்புள்ளி.